சேனல் பிளேஅவுட்: சர்வர் அறையிலா, கிளவுடிலா?

24 மணி நேரச் சேனலுக்கான பிளேஅவுட்டை, அதாவது நிகழ்ச்சிகளை வரிசைப்படி ஒளிபரப்பில் ஓடவிடும் அமைப்பை, அலுவலகத்திலேயே வைப்பதா, கிளவுடுக்கு மாற்றுவதா? நேரலை எவ்வளவு என்பதை முதலில் கணக்கிடுங்கள்.

சர்வர் அறையில் எச்டி படம் எஸ்டிஐ (ஸ்டுடியோக்களில் வீடியோவைக் கடத்தும் முறை) கேபிளில் விநாடிக்கு 1.485 ஜிகாபிட் வேகத்தில், சுருக்கப்படாமல் ஓடுகிறது. தாமதம் சில ஃபிரேம்கள்தான். செய்திச் சேனலுக்கு எங்கள் பரிந்துரை இதுவே. ஆனால் சர்வர், யூபிஎஸ், ஏசி எல்லாமே இரட்டையாக வேண்டும்.

கிளவுடில் அந்த முதலீடு இல்லை. பத்து நாள் போட்டிக்கென ஒரு சேனலைத் திறந்து, முடிந்ததும் மூடிவிடலாம். பழைய படங்களும் தொடர்களும் மட்டுமே ஓடும் சேனலுக்கு நன்றாகப் பொருந்தும்.

நேரலையில்தான் சிக்கல். எஸ்டிஐயை அப்படியே இணையத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாது, எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் விநாடிக்கு 15 மெகாபிட் அளவுக்குச் சுருக்கி, இணையத்தில் நேரலை வீடியோ அனுப்புவதற்கான எஸ்ஆர்டி நெறிமுறை வழியாக அனுப்ப வேண்டும். பலர் அதன் தாமத மதிப்பை, தொடக்கத்தில் இருக்கும் 120 மில்லிவிநாடியிலேயே விட்டுவிடுகிறார்கள். தொலைதூர இணைப்பில், தொலைந்த பாக்கெட்டை (டேட்டாத் துண்டை) திரும்பக் கேட்டு வாங்க அது போதாது; படம் கட்டம் கட்டமாக உடையும். பாக்கெட் போய்வரும் நேரத்தைப்போல நான்கு மடங்கு வையுங்கள்: 60 மில்லிவிநாடி என்றால் 240.

இரண்டு ஃபைபர் இணைப்புகள் கட்டாயம், அதுவும் வெவ்வேறு தெரு வழியாக. ஒரே பள்ளத்தில் கிடந்தால் ஒரு ஜேசிபி இரண்டையும் அறுத்துவிடும்.

கிளவுடிலிருந்து வெளியேறும் டேட்டாவுக்கும் கட்டணம் உண்டு. விநாடிக்கு 10 மெகாபிட் ஸ்ட்ரீம் ஒன்று நாளுக்கு 108 ஜிபி. 30 நாளில் 3,240 ஜிபி. ஒப்பந்தத்துக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.