மாட்டோடு விற்பதா, மண்ணை மட்டும் விற்பதா: அடிவாரத்துப் பால் பண்ணை ஒன்றின் கணக்கு

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மலை அடிவாரத்தில் 5 ஏக்கர் 60 சென்ட். அதில் ஒரு மெத்தை வீடு, வேலைக்காரர் தங்க ஒரு ஓட்டு வீடு, 40 மாடு கட்டுகிற கொட்டாய், தீவன அறை, பால் அறை, ஒரு கிணறு, ரெண்டு போர். 24 உருப்படி மாடு. கறவை மெஷின், புல் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர், பால் கேன்கள், ரப்பர் பாய்கள். பதினோரு வருடம் ஓட்டிய பண்ணையை விற்க முடிவெடுத்தபோது எனக்கு முன்னால் நாலு வழி இருந்தது. நாலையும் விசாரித்தேன், ரெண்டில் கையைச் சுட்டுக்கொண்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நாலு வழி இவை. பண்ணையை ஓடுகிற நிலையில், மாடு மெஷின் வீடு நிலம் எல்லாமாக ஒரே ஆளுக்குக் கொடுப்பது. மாட்டைத் தனியாக, சாமானைத் தனியாக, காட்டை, அதாவது நிலத்தைத் தனியாகப் பிரித்து விற்பது. மனை போடுகிறவரிடம் கொடுப்பது. விற்காமல் குத்தகைக்கு விடுவது.

பெரும்பாலும் எல்லாரும் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஆனால் பண்ணை விற்பனையில் ஆளைக் கவிழ்ப்பது காத்திருக்கிற நாள்தான். காடு பத்து வருடம் சும்மா கிடந்தாலும் சோறு கேட்காது. மாடு காலையிலும் கேட்கும், சாயங்காலமும் கேட்கும்.

என் கணக்கையே சொல்கிறேன். 24 உருப்படியில் 15 கறவையில் இருந்தபோது சராசரி 10 லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 150 லிட்டர், லிட்டருக்கு 36 ரூபாய் என்றால் 5,400 ரூபாய். கலப்புத் தீவனம் 100 கிலோ, சுமாராக 2,900. வேலை பார்த்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமாக நாளைக்கு 1,000. சோளத்தட்டு, மரவள்ளித் திப்பி (ஜவ்வரிசி ஆலைச் சக்கை), கரண்ட், மருந்து எல்லாம் சேர்த்து 700, 800. பெரிதாக மிஞ்சாது, ஆனால் கையைக் கடிக்காது. இதே மாடுகளில் அஞ்சு வற்றிப் போனால் பால் 100 லிட்டருக்கு வந்துவிடும், வரவு 3,600, செலவு நாலாயிரத்துக்கு மேல். அதாவது வாங்குகிறவர் “அடுத்த மாசம் முடிச்சுக்கலாம் அண்ணா” என்று சொல்கிற ஒவ்வொரு நாளுக்கும் நான் ஐந்நூறு அறுநூறு ரூபாயைக் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அஞ்சு மாதம் இழுத்தார். அந்த அஞ்சு மாதத்தில் நல்ல கறவையில் இருந்த மாடுகள் பாதி வற்றிவிட்டன, அதைக் காட்டியே அவர் விலையைக் குறைக்கவும் கேட்டார். என் தப்புதான். ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நிலக் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். நானோ, வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று தரகர் சொன்னதை நம்பினேன்.

சரி, இப்போது முதல் வழி, மொத்தமாக விற்பது. இதில்தான் கொட்டாய்க்கும் மெஷினுக்கும் மரியாதை. ஓடுகிற பண்ணையை வாங்குகிறவருக்கு நான் போட்ட சிமெண்ட் தரை, சாணி வழிந்தோடுகிற வாய்க்கால், கோ-4 தீவனப் புல் நிற்கிற ஒண்ணரை ஏக்கர், வேலிமசால் தீவனச் செடி, பழகின வேலையாள் எல்லாமே பணம். காடு மட்டும் வாங்க வருகிறவருக்கு அதே கொட்டாய் இடித்து அப்புறப்படுத்த வேண்டிய செலவு. ஒருவர் என் முகத்துக்கு நேராகவே “தகரத்தை நீங்களே கழட்டிக்கிட்டுப் போயிடுங்க” என்றார். சாண எரிவாயுக் கலனை எந்த வழியில் விற்றாலும் ஒரு ரூபாய் தேறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மொத்தமாக விற்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நிலத்துக்கு முழுப் பணமும் மாட்டுக்கு முழுப் பணமும் வைத்திருக்கிற, மாடும் தெரிந்த ஆள் அரிது. பணம் இருக்கிறவருக்கு மாடு தெரியாது, மாடு தெரிந்தவரிடம் பணம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து இயற்கை விவசாய ஆசையில் போன் செய்கிற தம்பிகள் நிறைய. அவர்களிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டியது: அங்கேயே குடியிருக்கிற வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ தன் பெயரில் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. இதைத் தெரியாமல் ஒருவரோடு ரெண்டு மாதம் வீடியோ காலில் மாடு காட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையாக வாங்க வருகிறவர் என்ன கேட்பார்? கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றின பாஸ்புக். இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. தினம் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று வேளைவாரியாகப் பதிவாகியிருக்கும். 2023 டிசம்பரிலிருந்து ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறதே, அது ஏறியிருக்கிற வங்கிக் கணக்கையும் சேர்த்துக் காட்டினால் நாம் சொல்கிற பால் அளவை யாரும் சந்தேகப்பட முடியாது. சங்க உறுப்பினர் உரிமை பண்ணையோடு போகாது, வாங்குகிறவர் தன் பெயரில் புதிதாகச் சேர வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், மாட்டுக்கும் கழற்றி எடுக்கக்கூடிய மெஷினுக்கும் தனி ரசீது போடலாம், கிரயப் பத்திரத்தில் சேர்க்கத் தேவையில்லை. முத்திரைத்தாள் கட்டணம் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, இந்த 9 விழுக்காடு நிலத்துக்கும் கட்டடத்துக்கும்தான். வாங்குகிறவருக்கு இது நியாயமான மிச்சம். ஆனால் கொட்டாயையும் வீட்டையும் மறைத்து காலி நிலம் என்று எழுதச் சொல்கிற தரகர் சொல்லைக் கேட்க வேண்டாம். இடத்தைப் பார்வையிட ஆள் வந்தால் பத்திரம் அலுவலகத்திலேயே படுத்துக்கொள்ளும்.

ரெண்டாவது வழி, பிரித்து விற்பது. வேகமானது, மனசுக்குக் கொஞ்சம் கொடுமையானது. மாட்டை எங்கே விற்பது என்பதே இங்கே பெரிய கேள்வி. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு ஓட்டினால் ஒரே நாளில் விற்கலாம், கேரளா கர்நாடகா வியாபாரிகள் வருகிறார்கள். ஆனால் சந்தையில் எல்லாருமே ஒரு வேளை கறக்காமல் மடியைப் பெருக்க வைத்துத்தான் கொண்டுவருவார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரியும், அதனால் உண்மையைச் சொல்கிறவன் மாட்டுக்கும் அதே கழிவுதான். கட்டுத்தறியிலேயே ஆளை வரச் சொல்லி, ரெண்டு வேளை நின்று கறவை பார்க்க விட்டால் மாட்டுக்கு அஞ்சாயிரம் பத்தாயிரம் கூடக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ரெண்டாம் ஈத்து, மூணாம் ஈத்து ஜெர்சி கலப்பினத்துக்கு நம் பக்கத்தில் எப்போதும் கிராக்கி. ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் பால் அதிகம், ஆனால் சேலம் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் நாக்கைத் தொங்கப் போட்டு நிற்கிற மாட்டைப் பார்த்து யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள். மழை பெய்து புல் தழைத்த ஐப்பசி, கார்த்திகையில் விற்பதற்கும் சித்திரையில் விற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதலில் வருகிறவர் நல்ல நாலு மாட்டைப் பொறுக்கிக்கொண்டு போவார். மிஞ்சுவது மடிநோய் வந்து ஒரு காம்பு போனது, சினை பிடிக்காதது, வயதாகிப் பல் விழுந்தது. அதற்குக் கேட்கிற விலைக்குக் கறிக்கடைதான். அதனால் ஒரு நல்லதுக்கு ஒரு சுமாரானது என்று ஜோடி போட்டுத்தான் கொடுப்பேன் என்று ஆரம்பத்திலேயே நின்றுவிட வேண்டும்.

சாமானில் எதிர்பார்ப்பு வேண்டாம். கறவை மெஷினுக்கு வாங்கின விலையில் பாதி வந்தால் அதிர்ஷ்டம், ரப்பர் லைனர் மாற்ற வேண்டும் என்று அதிலும் கழிப்பார்கள். ஜெனரேட்டர் மட்டும் போட்ட விலைக்குக் கிட்டத்தில் போனது.

மாடு போனபின் காட்டை நிதானமாக விற்கலாம், அது இந்த வழியின் பெரிய நிம்மதி. ஆனால் மாடு இல்லாத கொட்டாயை ஆறு மாதம் விட்டால் தகரம் பறக்கும், மோட்டார் ஒயர் காணாமல் போகும், பால் பண்ணை என்று சொல்லி விலை கேட்கிற வாயே அடைத்துவிடும்.

மூணாவது, மனை. ஏக்கர் கணக்கில் கேட்ட விலையைச் சதுர அடி கணக்கில் கேட்கும்போது யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்று பெருக்கிப் பார்த்துவிட்டு நானும் ஒரு ராத்திரி தூங்கவில்லை. சாலைக்கும் பூங்காவுக்கும் போக 55, 60 விழுக்காடுதான் மனையாக மிஞ்சும் என்பது காலையில்தான் உறைத்தது. விவசாய நிலத்தை மனையாக்க வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்றில் ஆரம்பித்து நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைப் பதிவு வரை போக வேண்டும். 2016க்கு முன்னால் போல அனுமதி இல்லாமல் கல் நட்டு விற்பது இனி நடக்காது, பதிவே ஆகாது. பெரும்பாலான புரோமோட்டர்கள் மொத்தப் பணமும் கொடுத்து வாங்குவதும் இல்லை. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கேட்பார்கள், மனை விற்க விற்கப் பணம் என்பார்கள். எனக்கு அந்த அளவுக்குப் பேச்சு போகவே இல்லை. வந்தவர் எங்கள் வண்டிப்பாதையில் டேப் பிடித்தார், 14 அடிதான் என்று பார்த்தார், மோர் குடித்தார், கிளம்பிவிட்டார். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு அளந்த சர்வே எண்ணில் வருகிறதா என்று மட்டும் போகும்போது கேட்டார். அந்தக் கேள்வியை இந்த அடிவாரத்தில் யார் நிலம் பார்க்க வந்தாலும் கேட்கிறார்கள், அதனால் கையில் பதில் வைத்திருங்கள்.

மலைக்கு மேலே, ஏற்காடு பக்கம் இடம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வழி இன்னும் கடினம். அங்கே மலையிடப் பாதுகாப்பு விதிகள் தனி, மரம் வெட்டவே அனுமதி வேண்டும். காப்பித் தோட்டத்துக்கு நடுவே மாடு வைத்திருக்கிறவர் அதைத் தோட்டத்தின் ஒரு பகுதியாக விற்பதே மேல், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து யாரும் பால் பண்ணைக்கென்று தனி விலை கொடுப்பதில்லை.

குத்தகையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பயிர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அப்புறம் ஆளைக் கிளப்புவது நம் கையில் இல்லை. மாட்டை இன்னொருவர் கையில் கொடுத்தால் பாலைக் கறந்துகொள்வார், சினை ஊசியைத் தள்ளிப்போடுவார். விற்க மனசில்லாதவர்களுக்கான வழி இது, விற்க வேண்டியவர்களுக்கானது இல்லை.

வரி விஷயம் எல்லா வழிக்கும் பொது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் எது கிராமப்புறம் என்பதை மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளப்பார்கள், சாலை வழியாக இல்லை. சேலம் மாநகராட்சி 2011 கணக்குப்படி 8 லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை, அதனால் 6 கிலோமீட்டர். பக்கத்துப் பேரூராட்சியில் 10,000 பேருக்கு மேல் இருந்தால் அதிலிருந்தும் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பால் வருமானம் வருமான வரிக்கு விவசாய வருமானம் இல்லை, அதனால் கொட்டாயும் வீடும் நிற்கிற பகுதியை விவசாய நிலம் என்று சொல்வதில் கேள்வி வரும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் என்ன ஏறியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். எனக்கு ஒண்ணரை ஏக்கர் புல் நின்றும் மூணு வருடம் தரிசு என்று இருந்தது.

கடைசியில் நான் செய்தது முதல் ரெண்டு வழிக்கும் நடுவில் ஒன்று. அக்காவிடமும் தங்கையிடமும் முதலில் கையெழுத்துக்குச் சம்மதம் வாங்கினேன். மாட்டுக்கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்தது வில்லங்கத்தில் ஏறியிருந்தது, கடனைக் கட்டி ரத்து ரசீதைப் பதிவு செய்தேன். சர்வேயர் வைத்து உட்பிரிவு செய்து, கொட்டாய், ரெண்டு வீடு, ஒரு போர், புல் காடு என்று 2 ஏக்கர் 20 சென்டைத் தனிப் பட்டாவாக்கினேன். அதை 19 மாட்டோடு ஆத்தூர் பக்கமிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தேன். அவரிடம் அஞ்சரை ஏக்கருக்குப் பணம் இல்லை, ரெண்டே காலுக்கு இருந்தது. மீதி 3 ஏக்கர் 40 சென்டைப் பக்கத்துப் பாக்குத் தோப்புக்காரர் வாங்கிக்கொண்டார். காட்டைத் துண்டாக்கினால் விலை குறையும் என்று தரகர் பயமுறுத்தினார். மொத்தமாகக் கேட்ட விலையைவிடக் கூட்டினால் அதிகமாகத்தான் வந்தது, இன்னும் முக்கியம், ரெண்டரை மாதத்தில் முடிந்தது. பின்னால் சண்டை வராமல் இருக்க, கிணற்றில் பாதிப் பங்கு, இலவச மின்சார மோட்டார் யார் பெயரில், வண்டிப்பாதை உரிமை எத்தனை அடி என்பதை ரெண்டு பத்திரத்திலும் ஒரே வார்த்தைகளில் எழுதச் சொன்னேன். எழுத்தர் சலித்துக்கொண்டார், எழுதினார்.

மாடு கைமாறினபின் பதினைந்து நாள் அங்கேயே ஓட்டு வீட்டில் தங்கினேன், எந்த மாடு எந்தக் கைக்குப் பால் விடும், எது உதைக்கும் என்பதெல்லாம் ரசீதில் எழுத முடியாது. வேலை பார்த்த ரெண்டு பேரும் புது முதலாளியிடமே இருக்கிறார்கள். திப்பி லோடு கொண்டுவருகிற டிரைவர் மட்டும் இன்னும் எனக்குத்தான் போன் செய்கிறார், “அண்ணா, வண்டி அயோத்தியாப்பட்டணம் தாண்டிடுச்சு, கேட்டைத் திறந்து வைங்க.”