அமெரிக்கா எக்ஸ்சேஞ்சா, ஜெர்மனி ஆ-பேரா?

நம்ம சுங்கை சிப்புட் தோட்டத்துப் புள்ளைங்க தனியா வெளிநாடு போயி ஒரு குடும்பத்தோட தங்கணும்னா இந்த ரெண்டையும் பாருங்க. ஸ்கூல் வயசுன்னா யெஸ் எக்ஸ்சேஞ்ச், அமெரிக்க அரசாங்க ஸ்காலர்ஷிப், 2002-ல ஆரம்பிச்சது, ஹோஸ்ட் குடும்பம் காசு வாங்காம தங்க வைக்கிறாங்க, நீங்க அங்க ஸ்கூலுக்குப் போறீங்க, வீட்டு வேலைல கூடமாட ஒத்தாசை பண்ணணும் அவ்ளோதான்.

ஆ-பேர்னா ஜெர்மனில ஒரு குடும்பத்தோட தங்கி அவங்க குழந்தைங்கள பாத்துக்கறது, 18லேர்ந்து 26 வயசுக்கு. அடிப்படை ஜெர்மன் தெரியணும், கோலாலம்பூர்ல ஜெர்மன் சொல்லித்தர்ற கோத்தே இன்ஸ்டிட்யூட்ல படிக்கலாம், ஆனா இங்கேருந்து போயி வர்ற செலவு தோட்டத்துச் சம்பளத்துக்குப் பெரிசு. வாரம் 30 மணி நேரம் வரைக்கும் குழந்தைங்கள பாத்துக்கணும், மாசம் 280 யூரோ கைச்செலவுக்கு, ரூமும் சாப்பாடும் அந்தக் குடும்பமே குடுத்துரும். வேல செய்யற எடமும் தூங்கற வீடும் ஒண்ணுங்கறதால நேரம் இழுத்துக்கிட்டே போகலாம், அதனால மணிக்கணக்கு, லீவு எல்லாத்தயும் கன்ட்ராக்ட்ல பாத்துட்டு கையெழுத்துப் போடுங்கம்மா.

என்னைக் கேட்டா வயசு இருக்கறவங்க எக்ஸ்சேஞ்சுக்கே மொதல்ல அப்ளை பண்ணுங்க, குடும்பம் ஒத்துவரலன்னா பேசறதுக்கு அந்த ஊர்லயே ஒரு கோஆர்டினேட்டர் இருப்பாங்க.