செர்டாங்குக்குப் பணம் தருவதா, நிலம் தருவதா? பயிரைச் சொல்லுங்கள்

கோலாலம்பூரில் உர வணிகமோ நாற்றுப் பண்ணையோ நடத்தும் நம்மவர்கள் கொஞ்சம் காலூன்றியதும் வேளாண் கல்விக்கு ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். முதலில் நினைவுக்கு வருவது செர்டாங்தான். 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் பல்கலைக்கழகமாகி, 1997 முதல் புத்ரா என்ற பெயரில் இயங்கும் யுபிஎம் (மலேசிய புத்ரா பல்கலைக்கழகம்) அங்குதான் இருக்கிறது. மாணவருக்கு உபகாரச் சம்பளம், நிறுவனம் பணம் கொடுத்துச் செய்விக்கும் ஒப்பந்த ஆய்வு, முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் நிலைநிதி, பொருளாகவோ நிலமாகவோ தருவது என வழி நான்கு. எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தப் பயிர் என்று சொன்னால் பதில் உண்டு. மிளகாய் நட்ட மூன்று மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். நெல்லுக்கு நான்கு மாதம். செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், முதல் குலை வெட்டவே 30 மாதம் ஆகும். ஒப்பந்தங்களோ நிறுவனத்தின் நிதியாண்டைப் பார்த்து எழுதப்படுகின்றன. பல திட்டங்கள் படுப்பது அதனால்தான்.

ஒப்பந்த ஆய்வை எடுத்துக்கொள்வோம். செம்பனைக்கு ஒரு புது உரக் கலவையைச் சோதிக்க வேண்டும். உரமே போடாதது உட்பட ஐந்து அளவுகள், ஒவ்வொன்றும் நான்கு முறை. ஆக 20 கட்டங்கள். கட்டத்துக்கு ஆறுக்கு ஆறு என 36 மரம். நடுவிலுள்ள 16 மரங்களில்தான் குலை எடை எடுப்பார்கள். சுற்றியுள்ள 20 மரங்களும் காவல். மொத்தம் 720 மரம். ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டருக்கு ஏறத்தாழ 142 மரம் நிற்கும். எனவே ஐந்து ஹெக்டருக்குச் சற்றுக் கூடுதலான நிலம் தேவை, அதுவும் ஒரே வயது மரங்களும் ஒரே வகை மண்ணும் உள்ள நிலம். காவல் வரிசையைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாமே என்று கணக்காளர் சொல்வார். கேட்காதீர்கள். செம்பனை வேர் பக்கத்துக் கட்டத்து உரத்தையும் இழுத்துக்கொள்ளும். உரம் போடாத கட்டமும் நன்றாகக் காய்க்க, உங்கள் கலவையால் பயனில்லை என்று அறிக்கை வரும். கட்டங்களுக்கு நடுவே அகழி வெட்டுவது நல்லது.

அடுத்து காலம். ஒரு பூங்கொத்து ஆணாகுமா பெண்ணாகுமா என்பது அதன் குலை பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இன்று போட்ட உரம் குலை எண்ணிக்கையில் முழுதாகத் தெரிய அவ்வளவு காலமும் காத்திருக்க வேண்டும். மூன்றாண்டு ஒப்பந்தம் என்றால், நம்பத்தக்க விளைச்சல் கணக்குக் கைக்கு வரும் நேரத்தில் பணம் தீர்ந்திருக்கும். உச்சியிலிருந்து எண்ணி 17-ஆம் மட்டையின் இலையைப் பகுப்பாய்வு செய்தால் முன்கூட்டியே ஓரளவு தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இலையில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று காட்டி எந்தத் தோட்டத்திலும் உரம் விற்க முடியாது. செம்பனை உரச் சோதனைக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது வீண்.

இன்னொரு வழக்கமான விபத்து: தோட்டத்தின் வாடிக்கையான உரச் சுற்றில் காண்ட்ராக்டர் ஆட்கள் சோதனைக் கட்டங்களிலும் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு காலைப் பொழுதில் இரண்டு ஆண்டு வேலை பாழ். மரங்களில் வளையமாகச் சாயம் பூசி, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் மண்டோர் (தோட்டக் கண்காணி) கையில் கட்ட வரைபடத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

மிளகாய், தக்காளி, நெல் என்றால் ஒப்பந்த ஆய்வை மிஞ்ச வேறில்லை. 18 மாதத்தில் நெல் மூன்று போகம் பார்த்துவிடலாம். ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வும் அதற்குள் முடியும். பணத்தை 40, 40, 20 விழுக்காடாகப் பிரித்து, கடைசித் தவணையை மூலத் தரவு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். வெளியீட்டைத் தடுக்கும் உரிமை கேட்காதீர்கள். வெளியிடும் முன் 60 நாள் படித்துப் பார்க்கும் வாய்ப்பு போதும். பாதகமான முடிவை மறைக்க முடிகிற ஆய்வின் சாதகமான முடிவை யார் நம்புவார்? அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனத்துக்குச் செலுத்தும் தொகைக்கு 1967 வருமான வரிச் சட்டத்தின் 34பி பிரிவில் இரட்டைக் கழிவு உண்டு, அதாவது கொடுத்ததில் இரு மடங்கை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். சாதாரண நன்கொடைக்கு ஒரு மடங்குதான், அதிலும் நிறுவனங்களுக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரம்பு. ஆய்வில் புது இரகம் பிறந்தால் காப்புரிமைக்கு அலைய வேண்டாம். தாவர இரகங்களுக்கு அது கிடையாது. 2004-ஆம் ஆண்டின் புதிய தாவர இரகப் பாதுகாப்புச் சட்டம்தான் வழி.

நிலைநிதி கேட்கக் கம்பீரமாக இருக்கும். கணக்கு அவ்வளவு கம்பீரமில்லை. பத்து லட்சம் ரிங்கிட் போட்டு ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்தால் 40,000. மாணவர் ஒருவருக்கு மாதம் 2,000 கொடுத்தால் அதில் 24,000 போகும். மீதி 16,000-இல் ஆய்வகச் செலவு. பேராசிரியர் ஒருவரின் பதவிச் செலவை ஏற்கும் இருக்கைக்கு இது எட்டாது. ஆனாலும் நீண்ட காலப் பயிருக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் யார் மாறினாலும் அளவெடுப்பது நிற்காது. செம்பனை இனவிருத்திக்கு மட்டும் கொடுக்க வேண்டாம். எஸ்டி கத்ரி, யுனைடெட் பிளான்டேஷன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் அதைச் சொந்த ஆய்வு நிலையங்களிலேயே செய்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு உதவி தேவைப்படுவது மண், இயந்திரமயம், அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா பூஞ்சை ஆகியவற்றில். கானோடெர்மாவுக்குத் தாங்கும் நாற்று எது என்று நாற்றங்காலில் சில மாதங்களில் சொல்லிவிடலாம். வயலில் உறுதிப்படப் பத்தாண்டு கூடப் பிடிக்கும்.

உபகாரச் சம்பளம் ஆள் சேர்க்கும் வழி, ஆய்வு வழியல்ல. செர்டாங்கில் வேளாண் அறிவியல் இளங்கலை நான்கு ஆண்டு. படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் நிறுவனம் வேலை தராவிட்டால், அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற பிணைப்பு தானாக விலகும் என்ற வரி இல்லாமல் பெற்றோர் கையெழுத்திட வேண்டாம்.

கருவி தருவதென்றால் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத் தாருங்கள். ஆண்டுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது துணி மூடிய சாமான். பினாங்கில் இருப்பவர்கள் செர்டாங் வரை வர வேண்டியதில்லை: அங்குள்ள யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வேளாண் புலம் இல்லையென்றாலும் உயிரியலும் உணவுத் தொழில்நுட்பமும் உண்டு, வயல் வேண்டாத ஆய்வுக்கு அது போதும்.

சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, ரொக்கத்தைவிட ஐந்து ஹெக்டரை ஆறு ஆண்டுக்கு ஒதுக்கித் தருவதே பெரிய உதவி. பல்கலைக்கழகத்தால் எளிதில் வாங்க முடியாதது அதுதான். அதற்கும் எழுத்து வேண்டும்: தோட்டம் கைமாறினால் சோதனைக் கட்டங்கள் புது உரிமையாளரையும் கட்டுப்படுத்துமா, மறுநடவு முன்கூட்டியே வந்தால் எத்தனை மாத அறிவிப்பு, அதுவரை எடுத்த குலை எடைப் பதிவுகள் யார் கையில் இருக்கும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.