நகல் தட்டுப் பயிற்சிப் பெட்டி: கருவிகள் தரமானவை, கையேடு திருத்தப்பட வேண்டும்

எங்கள் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்காக வாங்கிய இந்தப் பெட்டி, மரபியலாளர்களான ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் இணையர் 1952இல் வெளியிட்ட நகல் தட்டு முறையை (ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை அதே அமைப்பில் வேறு தட்டுகளுக்குப் படியெடுப்பது) மாணவர்கள் தம் கையாலேயே செய்து பார்ப்பதற்கானது. நோய் உண்டாக்காத ஈ. கோலை பாக்டீரியா வளர்ப்பு, அவை வளரும் கூழ்த்தளத்தைச் செய்ய அகார் தூள், பாக்டீரியாவைக் கொல்லும் ரிஃபாம்பிசின் மருந்து, உருளைக் கட்டை, வெல்வெட் துணிகள் ஆகியவை இதில் உள்ளன.

மருந்தில்லாத மூலத் தட்டில் பாக்டீரியா படலமாக வளர்ந்தபின், கட்டையில் இறுக்கிக் கட்டிய வெல்வெட்டை அதன்மீது ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த இரண்டு தட்டுகளில் அடுத்தடுத்து ஒற்ற வேண்டும். மறுநாள் மாணவர்கள் விளிம்பில் இட்ட மைக்குறிகளை ஒத்துவைத்து இரு தட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒன்றில் காலனி (ஒரே இடத்தில் பெருகிய பாக்டீரியாத் திட்டு) இருந்த இடத்துக்கு நேராகவே மற்றதிலும் ஒரு காலனி இருந்தது. மருந்து பட்ட பிறகுதான் மரபணு மாறியது என்றால், இரண்டிலும் ஒரே இடத்தில் காலனி முளைக்கக் காரணமே இல்லை. எதிர்ப்புத் திறன் பெற்ற செல்கள், மருந்தைக் காணாத மூலத் தட்டிலேயே அந்த இடத்தில் இருந்திருக்கின்றன. இத்தகைய மாற்றங்கள் தேவை வருமுன்பே தோன்றிவிடுகின்றன என்று லூரியா, டெல்புரூக் என்ற ஆய்வாளர்கள் 1943இல் புள்ளியியல் கணக்கால் நிறுவிய உண்மையை இவ்வளவு எளிதாகக் கண்ணுக்குக் காட்டும் வேறு பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

துணிகள் நல்ல தரம். கிருமி நீக்க உயர் அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் பலமுறை வைத்தும் கெடவில்லை. ஆனால் அகாரின் மேற்பரப்பு ஈரமாக இருந்தால் காலனிகள் இழுபட்டுவிடும் என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் செல் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவிலேயே இருப்பதால் சில தட்டுகள் வெறுமையாகவே அமையும். அதற்கேற்ப அகார் தூளைக் கூடுதலாகத் தந்திருக்க வேண்டும்.

என் பெரிய குறை கையேட்டைப் பற்றியது. 'மருந்தைச் சமாளிக்க பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறது' என்று அதன் முன்னுரை சொல்கிறது. பெட்டியிலுள்ள சோதனை மறுப்பது அதே கருத்தைத்தான். இன்னோர் இடத்தில், தற்செயல் என்றால் எல்லா மாற்றங்களுக்கும் சம வாய்ப்பு என்று எழுதியிருக்கிறார்கள். மரபணுத் தொகுப்பின் சில இடங்கள் மற்றவற்றைவிட அதிகமாக மாறுகின்றன, நெருக்கடியில் மாற்றங்களின் வேகமே கூடுவதும் உண்டு. உயிரிக்கு எது தேவை என்பதைப் பார்த்து அந்த மாற்றம் வருவதில்லை என்பதே இங்கு தற்செயல் என்பதன் பொருள். காசநோய்க்கு ரிஃபாம்பிசினைத் தனியாகத் தராமல் வேறு மருந்துகளோடு சேர்த்துத் தருவதற்கும், எதிர்க்கும் செல்கள் மருந்துக்கு முன்பே இருக்கக்கூடும் என்ற இந்தக் கருத்தே அடிப்படை என்பதால், இந்தப் பிழையைச் சிறிதென்று விட முடியாது.

வாங்கும் ஆசிரியர்கள் முன்னுரையை விலக்கிவிட்டு, செய்முறைப் பக்கங்களை மட்டும் மாணவர்களுக்குத் தரலாம்.