சூடான இன்ஜினை நம்பி 1,08,000 ரூபாய் கொடுத்தேன்

பழைய 350 சிசி வண்டி எடுக்கலாம் என்று நாகர்கோவில் பக்கம் கன்சல்டிங் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு மேலே போங்கள். கடைப் பெயரையும் வண்டியின் கம்பெனியையும் எழுதப் போவதில்லை. கம்பெனி மேல் தப்பு இல்லை. கடைப் பெயரைச் சொன்னால் நாளைக்கே வேறு போர்டு மாட்டிவிடுவார்கள். அவர்கள் செய்கிற வேலை என்ன என்று தெரிந்தால் போதும்.

எனக்கு வீடு தோவாளை, வேலை மார்த்தாண்டத்தில். போக வர எண்பது கிலோமீட்டர். ஆறு வருஷம் ஒரு 125-ஐ ஓட்டி இடுப்பு போய்விட்டது. பெரிய வண்டி என்றால் குலுக்காது, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி போகலாம் என்று யார் சொன்னார்களோ, அது மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. புதிது வாங்கக் கையில் காசில்லை.

கடையில் காட்டிய வண்டி 2018 மாடல், டிஎன் 75, கறுப்பு. மீட்டரில் 17,600 கிலோமீட்டர். "ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டி சார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் எடுப்பாரு." பழைய வண்டி பார்க்கப் போன எல்லா இடத்திலும் இந்த டாக்டர் இருக்கிறார். ஒரு கடையில் மட்டும் ஹெட்மாஸ்டர்.

டேங்க் கண்ணாடி மாதிரி மின்னியது. சீட் புதுசு. குனிந்து இன்ஜினைப் பார்த்தபோது சைலன்சரிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. காலை பத்து மணி, வண்டி நிழலில் நிற்கிறது, யாரும் ஓட்டி வந்த மாதிரித் தெரியவில்லை. "என்ன தம்பி, சூடா இருக்கு?" என்று கேட்டேன். கழுவிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "இப்பதான் வாட்டர் சர்வீஸ் அடிச்சோம் சார். வெள்ளம் ஒணங்கட்டும்னு ஸ்டார்ட் பண்ணிப் போட்டிருந்தோம்."

சரிதானே என்று நினைத்தேன். அந்த ஒரு இடத்தில் ஏமாந்ததுதான், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்தது. நான் வருவதாக முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். அரை மணி நேரம் முன்பே வண்டியை ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை, சத்தமும் பிரமாதம். பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பினேன், ஒரு கிலோமீட்டர் இருக்கும். "சீக்கிரம் வாங்க சார், இன்னொரு பார்ட்டி வந்துட்டிருக்காங்க" என்று அவசரம் வேறு. சீட் சோபா மாதிரி இருந்தது. 1,15,000 சொன்னதை 1,08,000-க்கு முடித்தேன். டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடும்போது கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: வண்டியை நன்கு ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன். அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்குச் செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்றது. கிக்கரை உதைத்தேன். எண்ணிக்கொண்டே உதைத்ததால் சொல்கிறேன், பதினாலாவது உதையில் பிடித்தது. பிடித்ததும் பின்னால் நீலப் புகை, எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்துகிற அளவுக்கு. கடைக்குப் போன் போட்டால், "கார்புரேட்டர் வண்டி சார், காலையில அப்படித்தான், சோக்கை இழுங்க" என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மாட்டிக்கொள்கிறோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வருவதற்கு முந்தைய வண்டிகளில் பல கார்புரேட்டர் வைத்தவைதான். காலையில் கொஞ்சம் மக்கர் பண்ணும். ஆனால் கார்புரேட்டர் கோளாறுக்கு நீலப் புகை வராது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வால்வு சீல் தேய்ந்திருந்தால் ராத்திரி முழுக்க ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக் கிடக்கும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் அத்தனையும் புகையாக வரும். ஏற்கெனவே ஓடவிட்டுச் சூடாக்கிய வண்டியில் அந்தப் புகை போய் முடிந்திருக்கும். தேய்ந்த பிஸ்டனின் கடகட சத்தமும் சூட்டில் உலோகம் விரிந்ததும் அடங்கிவிடும். சாகக் கிடக்கிற பேட்டரிக்கும் அரை மணி நேரத்தில் கொஞ்சம் உயிர் வந்துவிடும். ஒரே சூட்டில் மூன்று நோயை மறைத்துவிடலாம்.

எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல், எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கொண்டு போனேன். இன்ஜினைத் தொடவே இல்லை. முதலில் பிரேக் பெடலைப் பார்த்தார், அப்புறம் ஃபுட்ரெஸ்ட் ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். கோடு கோடாக இருக்க வேண்டிய ரப்பர் வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. "இதுக்க மீட்டர் பொய் சொல்லுது மக்கா. பதினேழாயிரத்துல ரப்பர் இப்படித் தேயாது, கேட்டியா." பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து மூடியின் உள்பக்கம் டார்ச் அடித்தார். ஆயில் மாற்றும்போது ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர் ஒன்று, பாதி கிழிந்தது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது: அடுத்த ஆயில் 43,000. கடைக்காரன் வண்டி முழுக்கப் பாலிஷ் போட்டவன், அந்த மூடியின் உள்பக்கத்தை மறந்துவிட்டான்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் டக் என்று ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றது. ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், அதாவது கோன் செட் போய்விட்டது. அதற்கு முந்தின வாரம்தான் மாமனார் வீட்டுக்குப் பணகுடி போயிருந்தேன். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவில் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதில் போகும்போதே ஹேண்டில் தானாக ஆடியது, எதிரில் லாரி. காற்றுதான் காரணம் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனேன்.

ஸ்போக்குகளுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆசான் நகத்தால் சுரண்டியதும் துரு உதிர்ந்தது. நம் மாவட்டத்தில் கடற்கரை மட்டும் சுமார் 70 கிலோமீட்டர். உப்புக் காற்றில் நின்ற வண்டி ஆறு மாதம் நின்றாலும் தெரியும், ஆனால் டேங்கிலும் மட்கார்டிலும் தெரியாது. ஸ்போக் நிப்பிள், டேங்கின் அடிப்பக்கம், ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை முனைகள், இங்கேதான் தேட வேண்டும்.

இனி அந்த சோபா சீட். புது ஸ்பான்ஜ், மெத்து மெத்தென்று இருந்தது. ஐந்து நிமிடம் உட்கார அருமை. ஒரு கல்யாணத்துக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் கிளம்பினேன். சுங்கான்கடை தாண்டும்போதே பின்னால் நெளிய ஆரம்பித்தாள். தக்கலையில் ஒரு சாயாக்கடை முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கியவள், "நீங்க போங்க, நான் பஸ்ஸில வாறேன்" என்றாள். கோபம் ஒன்றுமில்லை, நிஜமாகவே பஸ் ஏறிவிட்டாள். மெத்தென்ற ஸ்பான்ஜ் அரை மணி நேரத்தில் அமுங்கி, கீழே இருக்கும் தகட்டில் எலும்பு இடிக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் கெட்டியான சீட்தான் நீண்ட தூரத்துக்குத் தாங்கும். கூடவே பின் ஷாக்கப் இரண்டும் செத்துப் போயிருந்தது. தனி ஆளாக ஓட்டினால் தெரியாது, பின்னால் ஆள் ஏறினால்தான் தெரியும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன், இது கடைக்காரன் ஏமாற்றியது இல்லை. இந்த 350 வண்டிகள் 190 கிலோ சொச்சம் இருக்கும். என் உயரம் ஐந்தடி நான்கு. எங்கள் வீட்டுச் சந்து இறக்கம், மழை பெய்தால் செம்மண் வழுக்கும். அங்கிருந்து வண்டியைப் பின்னால் இழுத்துத் திருப்ப முடியவில்லை. இரண்டு தடவை கீழே போட்டேன். ஒற்றை சிலிண்டர் பெரிய வண்டி என்றால் எண்பதுக்கு மேல் கையிலும் காலிலும் கொஞ்சம் அதிர்வு இருக்கத்தான் செய்யும், அதுவும் கோளாறு இல்லை. கடையில் சமதரையில், சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் அழகு பார்த்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைவது), பிஸ்டன், வால்வு சீல், கோன் செட், ஷாக்கப், பேட்டரி என்று எல்லாம் சேர்த்து 31,000 ஆனது. ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நீங்க ஓட்டிப் பாத்துத்தானே எடுத்தீங்க? கையெழுத்து இருக்கே" என்றார். 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியப் போகிறேன், அதற்கு அப்புறம் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது என்று சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னார். சாயா வந்தது. கடைசியில் 5,000 தந்தார். மேற்கொண்டு போகத் தெம்பில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். போயிருக்க வேண்டும். ஆர்சி பெயர் மாற்றமும் பதினைந்து நாள் என்று சொல்லி மூன்று மாதம் இழுத்தது, பழைய ஓனர் ஃபைனான்ஸ் முடித்தும் எச்பி, அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்று ஆர்சியில் போடும் குறிப்பு, நீக்காமல் கிடந்ததால். இதை எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு ஒரு நிமிடத்தில் முன்னாடியே பார்த்திருக்கலாம்.

ஆறு மாதம் கழித்து மச்சினனும் இதே மாதிரி வண்டி தேடினான். இந்தத் தடவை ஆசானையும் கூட்டிக்கொண்டு போனோம். போன் பண்ணாமல், கடை திறக்கும் நேரத்துக்கு. வண்டியைப் பார்க்கும் முன் ஆசான் புறங்கையை இன்ஜின் ஃபின்னில் வைப்பார். சூடு இருந்தால், "நாளைக்கு வாறோம்" என்று திரும்பிவிடுவார், வாக்குவாதமே கிடையாது. ஒரு வண்டியில் டயர் பக்கத்து எண்ணைப் பார்த்தார். கடைசி நாலு இலக்கம் 1122, அதாவது 2022-இல் பதினோராவது வாரம் செய்த டயர். வண்டி 2021 மாடல், மீட்டர் 6,000. "ஆறாயிரத்துக்குள்ள யாருலே டயரு மாத்துவான்?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார். கேஎல் நம்பர் வண்டி ஒன்று 20,000 குறைச்சலாக வந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து ஆர்டிஓ தரும் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கையில் இல்லை, அப்புறம் வரும் என்றார்கள். அது இல்லாமல் இங்கே பதிவை மாற்ற முடியாது, நம் ஊர் வரியும் கட்ட வேண்டும். வேண்டாம் என்றோம்.

நாலாவது வண்டி தக்கலையில், நேராக ஓனரிடமே. காலை ஏழு மணி, இன்ஜின் ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டாவது உதையில் பிடித்தது. மச்சினன் அவன் பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறை ரோட்டில் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். ஓனர் அதுவரை ஆதாரைக்கூடக் கேட்கவில்லை, ஆசானோடு வால்வு கிளியரன்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவன் பெண்டாட்டி இறங்கி வந்து இடுப்பைப் பிடிக்காமல் நின்றாள். விலை பேசினோம்.

போன சனிக்கிழமை அந்தக் கன்சல்டிங் வழியாகப் போனேன். மணி ஒன்பதரை. வாசலில் ஒரு சிவப்பு வண்டியைத் தனியாக நிறுத்தி ஓடவிட்டிருந்தார்கள். பையன் பக்கத்தில் நின்று போனில், "வாங்க சார், கடையிலதான் இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.