ஜூன்ஸ் ஜர்னியா, எனிக்மாடிஸா? கதைக்காகத் தேடுபவர்களுக்கு

போனில், படத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடும் கேம் ஒன்று வேண்டும் என்று கேட்டால் நான் மூன்றைச் சொல்வேன். இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஜூன்ஸ் ஜர்னி, ஒருமுறை காசு கட்டினால் முழுக்கதையும் திறக்கும் எனிக்மாடிஸ், கதையே இல்லாத ஹிடன் ஃபோக்ஸ். கடைசியில் நான் வைத்துக்கொண்டது எனிக்மாடிஸ், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

படம், இசை பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விஷயம் கதையில் இருக்கிறது.

ஜூன்ஸ் ஜர்னி பெர்லினில் இருக்கும் வூகா 2017-ல் வெளியிட்டது. 1920-களில் நடக்கும் கதை, சகோதரி கிளேரின் சாவில் இருக்கும் மர்மத்தை ஜூன் பார்க்கர் துப்பறிகிறாள். ஆரம்பம் நன்றாகவே இழுக்கிறது. ஆனால் அடுத்த தடயத்துக்கு நட்சத்திரம் வேண்டும், நட்சத்திரத்துக்குத் தேடி முடித்த அறையையே மறுபடி தேட வேண்டும், ஒவ்வொரு தேடலுக்கும் எனர்ஜி போகும், அது தீர்ந்தால் உட்கார்ந்திருக்க வேண்டும், இதற்கு நடுவே தீவில் வீடு கட்டிப் பூச்செடி வைத்தால்தான் புது அறையே திறக்கும். ஒரே அறையில் நாலைந்து தடவை தேடியபின் குடை எங்கே, சாவி எங்கே என்று விரலுக்கே மனப்பாடம். அதற்குள் யார்மேல் சந்தேகப்பட்டோம் என்பது மறந்துபோகிறது! இத்தனைக்கும் இணையம் இல்லாமல் ஓடாது. சென்னையில் விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வருபவர்களுக்குத் தெரியும், வண்டி சுரங்கத்துக்குள் இறங்கினால் சிக்னல் எப்படி இருக்கும் என்று.

எனிக்மாடிஸ் போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி 2011-ல் கொண்டுவந்தது. மேப்பிள் க்ரீக் என்ற ஊரில் ஒரு பெண் காணாமல் போகிறாள், நினைவு தப்பிய துப்பறிவாளராக நாம் தேடுகிறோம். இங்கே தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குப்பைக் குவியலில் பட்டியலில் உள்ளதை எல்லாம் எடுத்து முடித்தால் அதில் ஒன்று நம் கையில் தங்கும், அதை வைத்துத்தான் பூட்டிய அடுத்த கதவைத் திறக்க முடியும். கிடைத்த துப்புகளைச் சுவரில் ஒட்டி எதற்கும் எதற்கும் தொடர்பு என்று நாமே பொருத்த வேண்டும். (ஒரு பெண்ணைக் காணவில்லை, நாம் நிதானமாக பொத்தான் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்ற அபத்தம் இதிலும் உண்டுதான்.) எனர்ஜி, காத்திருப்பு எதுவும் கிடையாது, ரயிலில் பாதியில் மூடி ராத்திரி திறந்தாலும் கதை விட்ட இடத்தில் நிற்கும். முக்கியமாக, முடிவு என்று ஒன்று இருக்கிறது.

மொத்தம் மூன்று பாகம். நான் முதல் பாகம் முழுக்க, இரண்டாவது பாதி வரை ஆடியிருக்கிறேன், மூன்றாவது பற்றிப் பேச மாட்டேன். ஜூன்ஸ் ஜர்னியிலும் ஆரம்ப அத்தியாயங்களோடு இறங்கிவிட்டேன், பின்னால் கதை சூடு பிடிக்கலாம்.

ஹிடன் ஃபோக்ஸ் கறுப்பு வெள்ளை, கையால் வரைந்தது, ஒவ்வொரு காட்சியும் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி நெரிசல், சத்தம் எல்லாம் வாயாலேயே எழுப்பியது. தேட வேண்டியதை அடியில் படமாகவே காட்டுவதால் ஆங்கிலம் வாசிக்காத எங்கள் அம்மாவும் ஆடுகிறார். கதை இல்லையே என்ற குறை அவருக்குத் தோன்றவே இல்லை, கூட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அவரே கதை கட்டிக்கொள்கிறார்.

கதைதான் வேண்டும் என்றால் எனிக்மாடிஸின் இலவசப் பகுதியை முதலில் ஆடிப் பாருங்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று அரித்தால் மட்டும் காசு கட்டுங்கள்.