கைவினை சோப்புக்குச் சொந்தப் பெட்டி: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

வீட்டில் செய்து விற்கும் சோப்புக்கு எங்கள் பெயரிலேயே பெட்டி அடிக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கு யாராவது யோசனை கேட்டால், ஓவியம், நிறம் எல்லாம் அப்புறம், முதலில் அளவையும் அட்டையையும் முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

கையால் வெட்டும் சோப்பு எல்லாம் ஒரே அளவில் இருக்காது. காயவைக்கும் 4 முதல் 6 வாரத்தில் ஈரம் வற்றிக் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதனால் நன்றாகக் காய்ந்தவற்றில் பெரியதாக ஒன்றை எடுத்து, உள்ளே சுற்றும் தாளோடு சேர்த்து அளந்து, பக்கத்துக்கு 1 மி.மீ. கூட்டிக் கொடுக்கிறேன். அச்சுக்குப் போகும் முன், அதே அட்டையில் வெறும் மாதிரிப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கிவிடுவேன். மூடி நாக்கு இறுக்குகிறதா, மடிப்பில் அட்டை வெடிக்கிறதா என்பதெல்லாம் கையில் மடித்தால்தான் தெரியும். வெடித்தால், முக்கிய மடிப்புகள் காகித இழை ஓடும் திசையிலேயே வரும்படி மாற்றிப் போடச் சொல்லலாம்.

நான் இப்போது நிலையாக வைத்திருப்பது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டை 300 கிராம் எடை) பழுப்பு கிராஃப்ட் அட்டை. அடியில் வெள்ளை மை இல்லாவிட்டால் அதில் மஞ்சள், இளஞ்சிவப்பு எதுவும் எடுபடாது. கறுப்பு எழுத்து மட்டும் கச்சிதமாக நிற்கும். மேட் லேமினேஷன், அதாவது பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம், போட்ட அடர்நிறப் பெட்டி புதிதில் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒன்றோடொன்று உரசிக் கடைத்தட்டுக்குப் போவதற்குள் வெள்ளைக் கீறல் விழுந்துவிடும், நகம் பட்டாலும் தெரியும். கிராஃப்டில் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்க் கறைதான் அதன் எதிரி. வாசனை எண்ணெய் அட்டையில் ஊறி வெளியே திட்டாகத் தெரியும் என்பதால் சோப்பைப் பட்டர் பேப்பரில் சுற்றித்தான் வைக்கிறோம்.

மிகவும் பலன் தந்த முடிவு, பெட்டியில் எங்கள் பெயரை மட்டும் அச்சடித்தது. வகை, சேர்மானம், எடை, தயாரித்த தேதி எல்லாம் ஸ்டிக்கரில் வந்துவிடும். ஒரு எண்ணெயை மாற்றினாலும் அடித்து வைத்த பெட்டி வீணாகாது, மொத்தமாக அடிப்பதால் அடக்கவிலையும் இறங்கும். ஸ்டிக்கரில் வரும் பொடி எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மை சேர்த்து அடித்தால், தகடு இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். வெட்டும் கோட்டைத் தாண்டி ஓரத்தில் நிறத்தை நீட்டி விடும் 3 மி.மீ. ப்ளீட், சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிறமுறை போன்றவற்றை அச்சகத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

கூரியருக்கு மூன்றடுக்கு நெளி அட்டைப் பெட்டி போதும். நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடை (கிலோவில்), நிஜ எடையைவிடக் கூடினால் அதைத்தான் பல கூரியர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் உள்பெட்டிகள் இடைவெளி இல்லாமல் அடங்கும் அளவில் வெளிப்பெட்டியை எடுப்பது நல்லது.

சோப்புப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன வட்டத் துளை ஒன்று விடச் சொல்லியிருந்தேன். வாங்க வருபவர்கள் அதில் மூக்கை வைத்தே வாசனை பார்த்துவிடுகிறார்கள். திறந்து திறந்து மூடி கிழிவது வெகுவாகக் குறைந்துவிட்டது.